தீர்ப்புகள் இரண்டுபட்டு நிற்கும்போது வசூல் எப்படி நடக்க வேண்டும்: வணிகவரி ஆணையருக்குக் குமரியிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர், வணிகவரித் துறை, தமிழ்நாடு. உடன், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. வரி நிர்ணயமும் வசூலும் பார்க்கும் மாநில, மத்திய அலுவலர்கள்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே சட்டப் பிரிவுக்கு ஒரு உயர் நீதிமன்றம் ஒரு பொருளும் இன்னொன்று வேறு பொருளும் சொல்லியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எதை வசூலிப்பது, எதை நிறுத்தி வைப்பது என்பதற்கு எழுத்தில் ஒரு நடைமுறை வேண்டும். அதைக் கேட்டே இந்த மடல்.

இப்போது அந்த வெற்றிடத்தை நிரப்புவது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் இடைக்கால உத்தரவுகள்தான். நாகர்கோவிலிலிருந்து மதுரை சுமார் 240 கி.மீ. ஒவ்வொரு வியாபாரியும் தனியாக வக்கீல் வைக்கிறார். ரிட் மனு, தடை கேட்கும் துணை மனு, பிரமாணப் பத்திரம், ஆவணத் தொகுப்பு என்று எல்லாம் தயாராக வேண்டும். முடிவில் கையில் கிடைப்பது, அதே பிரச்சினைக்கு முன்னால் போனவர்களுக்குக் கிடைத்த அதே நிபந்தனை உத்தரவு. நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்ட ஒன்றைத் துறை சுற்றறிக்கையாகச் சொல்லியிருந்தால் அந்தப் பயணத்துக்கே வேலை இல்லை.

குமரிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நம் வியாபாரம் எல்லை தாண்டியது. ரப்பர் ஷீட்டும் முந்திரியும் கயிறும் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை வழியாக இரண்டு பக்கமும் போகின்றன. சட்டத்தின் பொருளோ அந்த எல்லையிலேயே மாறுகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 16(2)(சி) சொல்வது, விற்றவர் வரியை அரசுக்குக் கட்டியிருந்தால்தான் வாங்கியவருக்கு ஐ.டி.சி. (உள்ளீட்டு வரி வரவு, அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) என்பது. வாங்கியவர் பில்லில் உள்ள வரியையும் சேர்த்து வங்கி வழியாகக் கொடுத்துவிட்டார். விற்றவர் கட்டாமல் போய்விட்டார். இழப்பு யார் தலையில்?

இந்தக் கேள்விக்கு நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று நம் மாவட்டத்திலிருந்து போன வழக்கில் வந்தது. டி.ஒய். பீதல் எண்டர்பிரைசஸ் வழக்கு, மதுரைக் கிளை, 2021 பிப்ரவரி 24. மனுதாரர்கள் நாகர்கோவில் வரி வட்டத்தில் பதிவு பெற்ற ரப்பர் ஷீட் வியாபாரிகள். வரியை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்ட விற்பனையாளர்மீது கடும் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும், அவரை விசாரிக்காமலும் அவரிடம் வசூலிக்க முயலாமலும் வாங்கியவர்மீது மட்டும் பாய்ந்த உத்தரவு நிற்காது என்று சொல்லி, நீதிமன்றம் வழக்கைத் திரும்ப அனுப்பியது. வியாபாரிகளும் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தீர்ப்பு ஐ.டி.சி.யைத் தூக்கிக் கொடுக்கவில்லை. விசாரணையை முறையாக நடத்தச் சொன்னது, அவ்வளவுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், 2024 ஜூனில் எம் டிரேட் லிங்க்ஸ் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் பிரிவு 16(2)(சி) செல்லும் என்றது. பாட்னாவும் 2023இல் அப்படியே சொன்னது. அதே 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சன்கிராஃப்ட் எனர்ஜி வழக்கில், முதலில் விற்றவரிடம் போங்கள் என்றது. அதை எதிர்த்துத் துறை போட்ட சிறப்பு அனுமதி மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, கேட்புத் தொகை (துறை கட்டச் சொன்ன தொகை) குறைவு என்பதைக் காரணமாகக் குறிப்பிட்டது. ஆகவே அந்தத் தள்ளுபடியைக் காட்டி, உச்ச நீதிமன்றமே சட்டம் சொல்லிவிட்டது என்று வியாபாரி தரப்பில் வாதிடுவதும் சரியல்ல. ஆரம்ப நிலையிலேயே தள்ளுபடியாகும் சிறப்பு அனுமதி மனு சட்டத்தை நிலைநாட்டாது என்பது குன்ஹயம்மது வழக்கிலேயே 2000இல் தெளிவாகிவிட்டது.

ஆக, ஒரே விற்பனையாளர் கட்டாமல் விட்ட வரிக்கு, பாறசாலைக் கடைக்காரருக்கு ஒரு சட்டம், களியக்காவிளைக் கடைக்காரருக்கு வேறொரு சட்டம். இதை நாகர்கோவிலில் இருக்கும் அலுவலர் தீர்க்க முடியாது. தீர்க்க வேண்டியதும் இல்லை. அவர் எதைப் பின்பற்ற வேண்டும் என்பதில் குழப்பமே கிடையாது. ஒரு மாநில உயர் நீதிமன்றம் சொன்ன சட்டம் அந்த எல்லைக்குள் இருக்கும் அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் என்று ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல் வழக்கில் 1962லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்நிலை உத்தரவு துறைக்கு ஏற்புடையதல்ல, மேல்முறையீடு போட்டிருக்கிறோம் என்பதெல்லாம் அதைப் பின்பற்றாமல் இருக்கக் காரணம் ஆகாது, தடை வாங்கியிருந்தால் மட்டுமே வேறு பேச்சு என்று 1991இல் கமலாக்ஷி ஃபைனான்ஸ் வழக்கில் இன்னும் கண்டிப்பாகச் சொன்னது. கேரளத் தீர்ப்பு வரித் துறைக்குச் சாதகம் என்பதற்காக அதை இங்கே உத்தரவில் எடுத்தாள்வதும், பீதல் தீர்ப்பை "துறை ஏற்கவில்லை" என்று ஒரு வரியில் கடந்துபோவதும் கூடாது. முதலில் இதை எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

அதன்படி நடக்க அலுவலர் செய்ய வேண்டியவை அதிகமில்லை. விற்றவரின் பதிவு எந்தத் தேதியிலிருந்து ரத்து, எந்த மாதம் வரை 3பி (வரி கட்டும் கணக்குப் படிவம்) தாக்கல் ஆனது என்பதைக் கோப்பில் ஏற்ற வேண்டும். பிரிவு 70இன்கீழ் அவருக்குச் சம்மன் போக வேண்டும். அவர் கேரளத்தவர் என்றால் அங்குள்ள அலுவலருக்கு எழுதி, அவர்மீது வசூல் நடக்கிறதா என்று கேட்டுப் பதிலைக் கோப்பில் சேர்க்க வேண்டும். பதிவை முன்தேதியிட்டு ரத்து செய்த வழக்குகளில் இது மிக அவசியம். சரக்கு வாங்கிய நாளில் போர்ட்டலில் "ஆக்டிவ்" என்று காட்டிய பதிவு பிறகு பின்னோக்கி ரத்தானால், வாங்கியவர் அன்றைக்கு வேறென்ன பார்த்திருக்க முடியும்?

வியாபாரி பக்கத்திலும் கடமை உண்டு. ஈகாம் கில் வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பில்லும் வங்கிப் பணமும் மட்டும் காட்டினால் போதாது, சரக்கு உண்மையில் நகர்ந்ததை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது. அது கர்நாடக வாட் சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்பு, ஆனாலும் ஜி.எஸ்.டி. விசாரணை எல்லாவற்றிலும் அதே கேள்விதான் வருகிறது. ஷீட் வியாபாரி கையில் இ-வே பில், லாரி வாடகைச் சீட்டு, எடைச் சீட்டு, இருப்புப் பதிவேடு, ரப்பர் வாரியத்துக்குக் காட்டிய கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எடைச் சீட்டில் உள்ள கிலோவும் பில்லில் உள்ள கிலோவும் ஒத்துவராத ஒரே லோடு போதும், மொத்தக் கொள்முதலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்க. 2017-18, 2018-19 ஆண்டுகளின் 3பி, 2ஏ (விற்றவர்கள் காட்டிய கணக்கிலிருந்து வாங்கியவருக்குத் தெரியும் பட்டியல்) வித்தியாசத்துக்கு மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் 183ஆம் எண் சுற்றறிக்கை (2022 டிசம்பர் 27) வழி தந்திருக்கிறது: ஒரு விற்பனையாளருக்கு 5 லட்சம் வரை அவரது சான்றே போதும், அதற்கு மேல் பட்டயக் கணக்காளர் சான்று. அந்தச் சான்று வாங்கக்கூடிய நிலையில் இருந்தும் வாங்காமல் ரிட் போடுவது வீண் செலவு.

இனி வசூல். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2018-19 தொடக்கத்தில் ஒருவர் கேரளப் பார்ட்டியிடம் 1 கோடியே 20 லட்சத்துக்கு ஷீட் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத வரி 6,00,000. 2024 ஏப்ரலில் பிரிவு 73இல் (மோசடி இல்லாத வழக்குகளுக்கானது) உத்தரவு வருகிறது. ஆறு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி 6,48,000. அபராதம் 10 சதவீதம், 60,000. உத்தரவின் கேட்புத் தொகையைக் காட்டும் படிவமான டி.ஆர்.சி.-07இல் நிற்கும் மொத்தம் 13,08,000. வட்டி வரியைத் தாண்டிவிட்டது. அவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீட்டுப் படிவமான ஏ.பி.எல்.-01 தாக்கல் செய்து, தகராறில் உள்ள வரியில் 10 சதவீதமான 60,000 கட்டினால், பிரிவு 107(7)இன்படி மீதி முழுவதற்கும் வசூல் தானாகவே நிற்கும். நீதிபதி வேண்டாம், தடை மனு வேண்டாம். ஆகவே காலக்கெடுவுக்குள் இருப்பவர் மதுரைக்குப் போகவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. போனாலும் பெரும்பாலும் மேல்முறையீட்டுக்குப் போ என்றே திருப்பி அனுப்புவார்கள், போன நாட்கள் மூன்று மாதக் கெடுவைத் தின்றுவிடும்.

அவரே உத்தரவு வந்ததை அறியாமல் நான்கு மாதத்தைக் கடந்துவிட்டால்? மூன்று மாதத்துக்கு மேல் ஒரு மாதம் வரைதான் மேல்முறையீட்டு அலுவலர் தாமதத்தை மன்னிக்கலாம். அதற்கப்பால் அவருக்கு அதிகாரமில்லை. அப்போது டி.ஆர்.சி.-13 (வியாபாரியின் பணத்தை வங்கியிடமே கேட்கும் நோட்டீஸ்) வங்கிக்குப் போகும், 13,08,000க்கும் கணக்கு முடங்கும். குலசேகரத்திலும் அருமனையிலும் ஷீட் கொண்டுவரும் சிறு விவசாயிக்கு அன்றன்றைக்குத் தர வேண்டிய பணமும் அந்தக் கணக்கில்தான் கிடக்கும். 60,000 ரூபாயில் நின்றிருக்க வேண்டிய வசூல், கடையையே நிறுத்திவிடுகிறது.

உத்தரவு வந்ததே தெரியவில்லை என்று வியாபாரி சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பல ஆண்டு நோட்டீஸ்களும் உத்தரவுகளும் போர்ட்டலில் "கூடுதல் நோட்டீஸ்கள்" என்ற பக்கத்தில் ஏறின. வழக்கமாகப் பார்க்கும் பக்கத்தில் அவை தெரியவில்லை. போர்ட்டலில் ஏற்றினாலே பிரிவு 169இன்படி சார்பு (உரியவரிடம் சேர்ப்பித்தல்) ஆகிவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே தீர்ப்பு உண்டு. பதில் வரவில்லை என்று தெரிந்தபின் பதிவுத் தபால் போன்ற வேறு வழியையும் அலுவலர் முயன்றிருக்க வேண்டும் என்றும் தீர்ப்பு உண்டு. இந்த முரண்பாடு தீரும்வரை காத்திருக்காமல் துறையே முடித்துவிடலாம். பதில் இல்லாத நோட்டீஸுக்கு ஒருதலைப்பட்ச உத்தரவு போடுமுன் ஒரு பதிவுத் தபால், பதிவில் உள்ள கைப்பேசிக்கு ஓர் அழைப்பு, இரண்டையும் கோப்பில் குறிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு ரிட் மனுவின் தட்டச்சுக் கூலிக்கும் வராது.

காலவரம்பு விவகாரத்தில் தேதிதான் எல்லாம். பிரிவு 73(10)இன்படி 2018-19க்கான உத்தரவுக்குக் கடைசி நாள் 2023 டிசம்பர் 31. அதை 9/2023 அறிவிக்கை 2024 மார்ச் 31 வரையும், 56/2023 அறிவிக்கை 2024 ஏப்ரல் 30 வரையும் நீட்டித்தன. 2019-20க்கு அதே வரிசையில் 2024 மார்ச் 31, ஜூன் 30, ஆகஸ்ட் 31. ஆகவே 2018-19க்கு 2024 ஏப்ரல் மாதத்திலும், 2019-20க்கு 2024 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலும் கையெழுத்தான உத்தரவுகள் 56ஆம் எண் அறிவிக்கையை மட்டுமே நம்பி நிற்கின்றன. மேலே சொன்ன கணக்கில் வந்த உத்தரவும் அந்த வகைதான். அந்த அறிவிக்கையைக் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பாட்னா சரி என்றது. 2025 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றங்களின் இந்தக் கருத்து வேறுபாட்டைக் குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதன்பின் 2025 ஜூனில் டாடா பிளே வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் 56ஆம் எண் அறிவிக்கை செல்லாது என்றது. ஆனால் கோவிட் காலத்துக்கு உச்ச நீதிமன்றம் தந்த காலவரம்பு விலக்கு துறைக்கும் பொருந்தும் என்று சொல்லி, வழக்குகளை மறு விசாரணைக்கு அனுப்பியது. அறிவிக்கை போனதால் வரியே போய்விட்டது என்று வியாபாரியிடம் சொல்வது தவறு என்பது இதனால் தெரியும்.

அலுவலகத்தில் உள்ள கோப்புகளில் இந்த மூன்று மாதங்களில் கையெழுத்தானவை எவை என்று பிரித்தெடுப்பது ஓர் எழுத்தரால் ஆகக்கூடிய வேலை. அவற்றைத் தனிப் பட்டியலாக்கி, உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை டி.ஆர்.சி.-13 போகாது, வியாபாரி 10 சதவீதம் கட்டியிருக்க வேண்டும் என்று ஒரே நிர்வாக உத்தரவு போட்டால் போதும். அரசுப் பணத்துக்கும் பாதுகாப்பு இருக்கும், தனித்தனி ரிட்டும் வேண்டாம்.

வருவாய்க்குக் கேடு வருமே என்ற உங்கள் கவலையை நாங்கள் மதிக்கிறோம். வரி வழக்கில் கேட்டவுடன் தடை கொடுக்கக் கூடாது, பொதுப் பணத்தின் நலனையும் எடைபோட வேண்டும் என்று டன்லப் வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களை எச்சரித்தது சரியான எச்சரிக்கை. போலி பில் கும்பலுக்கு நாங்கள் வாதாடவில்லை. சரக்கே நகராத வழக்கில், மோசடிக்கான பிரிவு 74 இருக்கிறது. கணக்கை உடனே முடக்கப் பிரிவு 83 இருக்கிறது. ஆனால் அதற்கும் ஆணையர் நிலையில், கண்ணெதிரே தெரியும் ஆதாரத்தின் பேரில் உருவான கருத்து வேண்டும் என்று ராதா கிருஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2021இல் வரையறுத்திருக்கிறார்கள். சட்டத்தின் பொருளிலேயே உயர் நீதிமன்றங்கள் மாறுபடும் வழக்கை அதே தட்டில் வைக்கக் கூடாது.

பிரிவு 78, உத்தரவு சார்பு செய்யப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் தருகிறது. அதற்கு முன் வசூலிக்க வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மத்திய வாரியம் 2024 மே 30 அன்று 01/2024 அறிவுறுத்தலில் இந்த முடிவு ஆணையர் நிலையில்தான் எடுக்கப்பட வேண்டும் என்று கட்டியிருக்கிறது. மாநில அலுவலர்களுக்கும் அதே கட்டுப்பாட்டை நீங்கள் விதிக்க வேண்டும். கூடவே ஓ.டி. (மிகைப்பற்று), சி.சி. (ரொக்கக் கடன்) கணக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கணக்கில் இருப்பது வங்கி கொடுக்கும் கடன் வசதி. பிரிவு 79(1)(சி) பிடிக்கக்கூடியது வியாபாரிக்கு வங்கி தர வேண்டிய பணத்தை. கடனில் நிற்கும் கணக்கை முடக்குவதால் அரசுக்கு ஒரு ரூபாயும் வராது, செக் மட்டும் திரும்பும்.

இடைக்கால உத்தரவு வாங்கிய பிறகு நடக்கும் கோளாறுகள் தனிக் கதை. மதுரைக் கிளை ஒருதலைப்பட்ச உத்தரவுகளை வழக்கு நிலவரத்தைப் பொறுத்து 10 அல்லது 25 சதவீதம் கட்டச் சொல்லி, சில வாரம் கெடு வைத்து ரத்து செய்கிறது அல்லது நிறுத்தி வைக்கிறது. கெடுவில் ஒரு நாள் தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். பணத்தை டி.ஆர்.சி.-03 என்ற செலுத்தல் படிவத்தில் சும்மா "தன்விருப்பச் செலுத்தல்" என்று கட்டினால், போர்ட்டலில் உள்ள கேட்புப் பதிவோடு அது சேராது. 13,08,000 அப்படியே பாக்கியாக நிற்கும், வசூல் பட்டியலில் பெயர் மறுபடி வரும். டி.ஆர்.சி.-03ஏ படிவத்தில் அந்தக் கேட்பு எண்ணோடு பொருத்திய பிறகுதான் குறையும். 2024 ஜூலையில் வந்த இந்தப் படிவத்தை இன்னும் பலர் பயன்படுத்துவதில்லை. உத்தரவு நகலோடு ஏ.ஆர்.என். (போர்ட்டல் தரும் விண்ணப்பக் குறிப்பு) எண்ணும் பொருத்திய ஒப்புகையும் அலுவலருக்கு நேரில் போய்ச் சேர வேண்டும், பெற்றுக்கொண்ட முத்திரை வாங்க வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணம், தடை ஆறு மாதத்தில் தானே காலாவதியாகும் என்பது. 2018இல் ஏசியன் ரீசர்ஃபேசிங் வழக்கில் அப்படிச் சொன்னது உண்மை. 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. நீதிமன்றம் நீக்கும் வரை, அல்லது உத்தரவிலேயே உள்ள கெடு முடியும் வரை, தடை தடைதான். துறைக்கு அது உறுத்தினால் அரசியல் சட்டம் 226(3)இன்படி எதிர்த்தரப்பைக் கேட்காமல் வழங்கிய தடையை நீக்க மனு போடலாம். இரண்டு வாரத்தில் அதை முடிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதைச் செய்யாமல் வங்கிக்கு மீண்டும் நோட்டீஸ் அனுப்புவது நீதிமன்ற அவமதிப்பில் கொண்டுபோய் விடும்.

வியாபாரிகளும் ஒன்றை மறக்கக் கூடாது. தடை வசூலைத்தான் நிறுத்தும், வட்டியை நிறுத்தாது. தோற்றால் தடை இருந்த ஆண்டுகளுக்கும் 18 சதவீதம் ஓடியிருக்கும். எடுத்த ஐ.டி.சி.யைப் பயன்படுத்தாமல் லெட்ஜரிலேயே வைத்திருந்தால் வட்டி இல்லை. 2022 திருத்தம் 2017 ஜூலை 1 முதலே அப்படி ஆக்கியிருக்கிறது. இதைப் பதிலில் எழுப்பாமல் விட்டு, பிறகு வருந்தும் கோப்புகள் அதிகம். 6,48,000 வட்டி முழுக்கப் போகக்கூடிய வழக்கும் அதில் இருக்கும்.

ஆணையர் அவர்களே, கடைசியாக வங்கி விடுவிப்பு. முடக்கம் டி.ஆர்.சி.-13 வழியாக ஒரே நாளில் வங்கிக்குப் போகிறது. நீதிமன்றம் நீக்கச் சொன்ன பிறகு விடுவிப்புக் கடிதம் வர நாட்கள் ஆகின்றன. வங்கி மேலாளர் நீதிமன்ற நகலை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைத் திறக்கத் தயங்குகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிபந்தனைத் தொகை கட்டிய சான்றை வியாபாரி கொடுத்த இரண்டு வேலை நாட்களுக்குள், முடக்கிய அதே அலுவலர், முடக்கிய எல்லா வங்கிக் கிளைகளுக்கும் மின்னஞ்சலில் விடுவிப்புக் கடிதம் அனுப்பி, அதன் நகலை வியாபாரிக்கும் தர வேண்டும் என்று உத்தரவிடுங்கள். எங்கள் கோரிக்கைகளில் முதலில் நிறைவேற்றக்கூடியது இதுவே. இதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டமும் வேண்டாம்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத்தில் ஜி.எஸ்.டி. வழக்குகளைக் கவனித்துவரும் வரி ஆலோசகர்கள்,
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்.